வியாழக்கிழமை ஈரம்

செப்டம்பர் 9, திங்கள்

குடும்ப நீதிமன்றத்தில் இன்று முதல் மனு. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நானும் திருமூர்த்தியும் சேர்ந்தே கேட்கும் விவாகரத்து என்பதால் ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். மார்ச் 10. அன்றைக்கும் இரண்டு பேரும் சம்மதம் என்று சொல்லிவிட்டால் பன்னிரண்டு வருடக் கல்யாணம் முடிந்தது.

வக்கீலம்மா வராந்தாவில் நின்று கேட்டார். "ஸ்கூட்டர், பீரோ, நகை எல்லாம் எழுதியாச்சு. வேற ஏதாச்சும் பிரிக்கோணுமுங்களா?"

"மொட்டை மாடில நூத்தி அறுபத்து மூணு கள்ளிச்செடி இருக்குதுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"எல்லாம் அவளே வெச்சுக்கட்டுமுங்க. நான் இனி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கப் போறதில்ல" என்றார் திருமூர்த்தி.

"எனக்கும் வேண்டாம். கெடந்து காயட்டும்" என்றேன் நான்.

அவர் போன மாதமே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். நான் பஸ் பிடித்து வடவள்ளி வீட்டுக்கு வந்து, மதியத்துக்கு மேல் மில்லுக்குப் போனேன்.

இந்த நோட்டு நீதிமன்ற ஆலோசகர் சொல்லி ஆரம்பித்தது. மனதில் என்ன தோன்றுகிறதோ தேதி போட்டு எழுதச் சொன்னார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. செடிகளைப் பற்றி எழுதுகிறேன். மார்ச்சுக்குள் எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். வாங்குகிறவர்களுக்கு வளர்க்கும் முறை வேண்டுமே, அதற்காவது ஆகும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

காயட்டும் என்று வாயால் சொல்வது சுலபம். காலை எழுந்ததும் மாடிக்குப் போய்த் தண்ணீர் ஊற்றினேன். மாடிப்படி வீட்டுக்கு வெளிப்பக்கம். இரண்டு வாளியோடு ஏறினால் மூச்சு வாங்கும் என்று மேலேயே ஒரு குழாய் போட்டிருக்கிறோம்.

பொது விதி: கள்ளி செத்தால் தண்ணீர் இல்லாமல் சாகாது, தண்ணீரால்தான் சாகும். விளக்குமாற்று ஈர்க்குச்சியைத் தொட்டியின் அடிவரை விட்டு எடுக்க வேண்டும். மண் ஒட்டாமல் வந்தால் ஊற்றலாம். ஒட்டினால் கையைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட வேண்டும். இந்தப் பருவத்தில் வாரம் ஒரு தடவை தாராளம்.

மண்: ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மட்கிய இலை, இரண்டு பங்கு சலித்த பொடிக்கல். ஆற்று மணல் கிடைத்தால் அது. கையில் பிடித்து அமுக்கினால் உருண்டையாக நிற்கக் கூடாது, உதிர வேண்டும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

ரணகள்ளித் தொட்டிகள் நான்கையும் எதிர்வீட்டு சுலோச்சனா அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். கொடுப்பதை அதில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. அதன் இலையின் ஓரம் முழுக்கக் குட்டிக் குட்டியாகச் செடிகள் முளைக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு இலை, தலைமயிர் போல வேர். தாய் இலையிலிருந்து உதிர்ந்து விழுந்த இடத்தில் எல்லாம் பிழைத்துக்கொள்ளும். சிமென்ட் விரிசலில்கூட. ஒன்றும் செய்ய வேண்டாம், அதுவாகப் பெற்றுத் தள்ளும்.

எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. போன வருடம் ஜூலையில் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தாள். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஒன்பது நாள் இருந்தாள். எழுதிவிட்டேன், இனி இதை எழுத வேண்டியதில்லை.

அக்கா வாங்கிக்கொண்டு, "ஏன் கண்ணு, நல்லாத்தான இருக்குது?" என்றாள். இடம் பத்தவில்லை என்றேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

மழைக்கு முன், செடிகளுக்கு மேல் போட்டிருக்கும் பாலித்தீன் கூரையைச் சரிபார்த்தேன். இரண்டு இடத்தில் கிழிசல். டேப் ஒட்டினேன்.

முள் இருப்பதெல்லாம் கள்ளி என்று நினைத்துவிடுவார்கள். உற்றுப் பார்த்தால் கள்ளியின் முள் ஒரு சின்னப் பஞ்சுப் புள்ளியிலிருந்து கொத்தாகக் கிளம்பும். அந்தப் புள்ளி இல்லாவிட்டால் அது வேறு சாதி. யூபோர்பியாவுக்குப் புள்ளி கிடையாது. கீறினால் பால் வரும். கண்ணில் பட்டால் ஒரு நாள் முழுக்க எரியும், வெட்டும்போது கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும்.

ஹாவொர்த்தியா முள்ளில்லாதது, நிழலில் வைக்க வேண்டியது. வெயிலில் வைத்தால் செங்கல் நிறமாகிவிடும். நிறம் மாறியது அழகு என்று சிலர் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். அது வெந்துகொண்டிருக்கிறது.

குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. நான்தான் விட்டிருப்பேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

மாமிலேரியா என்ற உருண்டைக் கள்ளியில் போன வாரம் பார்த்த மாவுப்பூச்சியைக் காணோம். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைக்கலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன். சுத்தமாக இருந்தது. எறும்பு கொண்டு போயிருக்கும்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மில் லீவு. அம்மா கூப்பிட்டதால் காலையிலேயே பொள்ளாச்சி போய்விட்டு இருட்டும் முன் திரும்பினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. இன்னொரு தோசை வேண்டுமா என்று மட்டும் பலமுறை கேட்டார்கள்.

நவம்பர் 3, ஞாயிறு

இன்று சிவப்பு நிலாக் கள்ளியைப் பற்றி எழுத வேண்டும். எல்லோரும் ஆசையாகக் கேட்பது இதைத்தான். பச்சைத் தண்டின் உச்சியில் சிவப்பு உருண்டை. பார்க்கிறவர்கள் ஒரே செடி என்று நினைப்பார்கள். இரண்டு செடி. மேலே உள்ள சிவப்புக்குப் பச்சையம் கிடையாது, தானாக உணவு செய்யத் தெரியாது. விதையிலிருந்து வந்த சில நாளில் செத்துப்போக வேண்டியது. அதற்குள் எடுத்து, டிராகன் பழத் தண்டைக் குறுக்கே வெட்டி, இரண்டின் நடுவட்டமும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும்படி வைத்து ரப்பர் பேண்ட் போட வேண்டும். பத்து நாளில் ஒட்டிக்கொள்ளும். அடியில் இருப்பது ஊட்டும், மேலே இருப்பது குடிக்கும்.

விதை போடுவது அவர் வேலை, ஒட்டுப்போடுவது என் வேலை என்று இருந்தது. என் கை நடுங்காது. நூறு ஒட்டுப் போட்டால் தொண்ணூறு பிழைக்கும்.

சிவப்பை எவ்வளவு நல்லபடி ஒட்டினாலும் நான்கைந்து வருடம்தான். சிலது அதுவரைகூட

நவம்பர் 4, திங்கள்

நேற்று பாதியில் விட்டது அப்படியே இருக்கட்டும்.

நவம்பர் 24, ஞாயிறு

ஒட்டுச் செடிகள் ஆறு அழுகிவிட்டன. அடித்தண்டு கஞ்சியாகக் கிடக்கிறது. தொட்டதும் விரல் உள்ளே போனது. மழை என்று கூரையைப் பார்த்தேன், டேப் அப்படியே இருக்கிறது. காற்றில் ஈரம் அதிகம் போல.

வேலையில் ஒரு தப்பு. மில் ஆய்வகத்தில் நூலைக் கருவியில் மாட்டி எந்த எடையில் அறுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். நேற்று இருபது மாதிரிகள் சோதித்துவிட்டு ஒன்றைக்கூட எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவையும் மறுபடி மாட்டி மறுபடி அறுத்தேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

குளிர் தொடங்கிவிட்டது. இனிமேல் கள்ளிகள் தூங்கும். மாதம் ஒரு தடவை ஊற்றினால் போதும். அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஞாயிறு காலை எழுந்தால் வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கால் டம்ளர் கால் டம்ளராக ஊற்றினேன். கால் டம்ளர் ஒன்றும் செய்யாது.

அடீனியம் இலையெல்லாம் கொட்டிவிட்டது. செத்துவிட்டது என்று தூக்கிப் போடக் கூடாது. அடிக்கிழங்கை அமுக்கிப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, சும்மா விட்டுவிட்டால் மார்ச்சில் தளிர்க்கும்.

டிசம்பர் 15, ஞாயிறு

ஈர்க்குச்சியில் மண் ஒட்டியது. போன வாரம் ஊற்றிய கால் டம்ளர் ஏழு நாளாகியும் காயவில்லை. பனி காரணம்.

டிசம்பர் 29, ஞாயிறு

பதினேழு செடிகள் போய்விட்டன. விதையிலிருந்து எட்டு வருடம் வளர்த்த ஆஸ்ட்ரோபைட்டமும் அதில் ஒன்று. அவர் விதை போட்டது. முள்ளே இல்லாமல் மேலெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு இருக்கும். நேற்றுவரை நன்றாக இருந்தது மாதிரிதான் தெரிந்தது. கள்ளி கடைசிவரை காட்டிக்கொடுக்காது. வெளியே பச்சையாக நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

நான் கொன்றுவிட்டேன் என்று தோன்றுகிறது. என்ன செய்தேன் என்றுதான் தெரியவில்லை. இதே வரியைப் போன வருடம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். படியேறியதாலா, மில்லுக்கு ஆறாம் மாதம்வரை போனதாலா? டாக்டர் எதுவும் காரணமில்லை என்றார். திருமூர்த்தி ஒன்றுமே சொல்லவில்லை. அவர் என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஆலோசகர் என்ன பிரச்சினை என்று திரும்பத் திரும்பக் கேட்டார். குடி இல்லை, அடி இல்லை, வேறு பெண் இல்லை. பேச்சு இல்லை. சாப்பாடு ஆச்சா, கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சா, அவ்வளவுதான் ஒரு வருடமாக. ஆகஸ்ட்டில் ஒரு நாள் அவர், "இப்படியே ரெண்டு பேரும் எதுக்குக் கஷ்டப்படோணும்" என்றார். நான் சரி என்றேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வைக்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

லித்தாப்ஸ் எல்லாம் பிளக்கத் தொடங்கிவிட்டன. இது கள்ளி இல்லை, பார்ப்பதற்குக் கூழாங்கல் மாதிரி இருக்கும் செடி. மொத்தமே இரண்டு இலை. வருடத்துக்கு ஒரு தடவை அந்த இரண்டும் நடுவில் பிளந்து, உள்ளிருந்து புது ஜோடி இலை வரும். இந்தச் சமயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. பழைய இலையில் இருக்கும் நீரைப் புதிது குடித்துத்தான் வளர வேண்டும். பழையது சுருங்கிக் காய்ந்து கழன்றுவிடும். இரக்கப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் பழையது காயாமல் நின்றுகொண்டு புதிதை நெரித்துவிடும்.

எனவே லித்தாப்ஸ் தட்டுக்கு நவம்பரிலிருந்தே நான் தண்ணீர் காட்டவில்லை. அந்த ஒரு தட்டில் மட்டும் தப்பு நடக்க வழியே இல்லை.

ஜனவரி 26, ஞாயிறு

லித்தாப்ஸ் தட்டு ஈரமாக இருக்கிறது.

கூரையில் கிழிசல் இல்லை. மழை பெய்து ஆறு வாரமாகிறது.

தட்டை எடுத்து வெயிலில் வைத்தேன். பன்னிரண்டில் ஐந்து வெடித்திருக்கின்றன. அணில் ஏதாவது தண்ணீரைத் தட்டியிருக்கும் என்று எழுதப்போனேன். அணில் எங்கிருந்து தண்ணீர் கொண்டு வரும்?

பிப்ரவரி 3, திங்கள்

மில்லிலிருந்து வந்து கேட்டைத் திறக்கும்போது சுலோச்சனா அக்கா தன் வாசலில் நின்று கூப்பிட்டாள். ரணகள்ளி அவள் வீட்டுச் சந்து முழுக்கப் பரவிவிட்டதாம். பேசிவிட்டுப் போகிற போக்கில், "தம்பி இப்ப ரொம்ப எளைச்சிருச்சு கண்ணு. சாப்புட்டீங்களான்னு கேட்டேன், தலைய மட்டும் ஆட்டுது" என்றாள்.

"எந்தத் தம்பிங்கக்கா?"

"உன்ற வீட்டுக்காரருதான். வியாழக்கெழமயானா பத்து பத்தரைக்கு வந்து மாடில தண்ணி ஊத்தீட்டுப் போகுதல்ல. உனக்குத் தெரியாதாக்கும்?"

தெரியும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

எனக்குக் கோபம் வந்தது. என் மேலா, அவர் மேலா என்று தெரியவில்லை. நான் ஞாயிறு, அவர் வியாழன். வாரம் இரண்டு தடவை, அதுவும் குளிர் காலத்தில். நூற்று அறுபது செடிகளையும் இரண்டு பேரும் சேர்ந்து ஊற்றி ஊற்றிக் கொன்றுகொண்டிருக்கிறோம். முன்பெல்லாம் குழாய்க்கு மேலே ஒரு தினசரிக் காலண்டர் மாட்டியிருப்போம். யார் ஊற்றினாலும் அந்தத் தேதியைச் சுழித்துவிட்டுத்தான் இறங்குவது. பாப்பாவுக்குப் பிறகு புதுக் காலண்டர் மாட்டவில்லை. அவர் மாட்டுவார் என்று நான் விட்டுவிட்டேன். அவரும் அப்படி விட்டிருப்பார்.

பிப்ரவரி 6, வியாழன்

லீவு சொல்லிவிட்டு ஒன்பதரைக்கே மாடியில் போய் உட்கார்ந்தேன். பத்தேகாலுக்குப் படியில் செருப்புச் சத்தம். திருமூர்த்தி கூரைக்குள் குனிந்து வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். உண்மையிலேயே இளைத்துத்தான் இருந்தார்.

"வேலைக்குப் போகலையா?"

"இல்ல."

"தண்ணி ஊத்தீட்டுப் போலாம்னு..."

"எப்ப இருந்து?"

"செப்டம்பர்ல இருந்து. நீதான் கெடந்து காயட்டும்னு சொன்னியே."

"நான் ஞாயித்துக்கெழம ஊத்தறேன்."

அவர் அழுகிய தொட்டிகள் அடுக்கியிருந்த மூலையைப் பார்த்தார். "ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயுமா?"

"ம்."

"நான் ஒவ்வொரு வியாழக்கெழமயும்."

பிறகு நான்தான் கேட்டேன். "குச்சி விட்டுப் பாக்கறதில்லீங்களா?"

"பாத்தேன். ஈரமாத்தான் இருந்துச்சு. பனில காயலன்னு நெனச்சேன்."

"ஈரமா இருந்தா எதுக்கு ஊத்தோணும்? லித்தாப்ஸுக்குமா ஊத்துவீங்க? உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்." வாளியைக் கீழே வைத்தார். "வந்துட்டுச் சும்மா திரும்பிப் போக முடியல கோகிலா."

எனக்குத் திட்ட வேண்டும் போல இருந்தது. பிப்ரவரி வெயில் கூரைக்குள் ஏற ஏற அழுகல் நாற்றம் தூக்கியது. கத்தியையும் ஸ்பிரிட்டையும் எடுத்து வந்தேன். நான் வெட்ட, அவர் பிடித்துக்கொண்டார். அழுகலுக்கு ஒரே வைத்தியம், நல்ல சதை வரும்வரை மேலே மேலே சீவிக்கொண்டு போவது. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். பழுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாத வெட்டுமுகம் வந்தால் நிறுத்தலாம். அதில் லவங்கப்பட்டைப் பொடி தடவி, பத்து நாள் நிழலில் போட்டுக் காயவிட்டு, பிறகு உலர்ந்த மண்ணில் உட்காரவைக்க வேண்டும். வேர் வரும்வரை தண்ணீர் கூடாது.

ஐம்பத்திரண்டைத் தூக்கிப் போட்டோம். முப்பத்தொன்று வெட்டியதில் எது தேறும் என்று தெரியாது. ஒரு மணிக்கு அவர் கை கழுவினார். தன் மோட்டார் ரீவைண்டிங் கடையை வியாழக்கிழமை மட்டும் மதியத்துக்கு மேல்தான் திறக்கிறாராம்.

"காலைல ஊருக்குப் போயிட்டு, அப்படியே இங்க வருவேன்" என்றார்.

ஊரில் அவருக்கு இப்போது யாரும் இல்லை. அப்பா அம்மா போய்ப் பல வருடமாகிறது. பாப்பாவை அங்கேதான் புதைத்தார்கள், ஒரு வியாழக்கிழமை. அவரும் அவர் அண்ணனும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் பக்கம் பெண்கள் அங்கே போகிற வழக்கம் இல்லை. நான் அப்போது வார்டில் படுத்திருந்தேன். எந்த இடம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கலாம். சோறு இருந்தது. சொல்லவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

போன் செய்தார். "இன்னைக்கு ஊத்தட்டுமா?"

"வேண்டாம்."

"சரி."

பிப்ரவரி 20, வியாழன்

இன்றைக்கும் கேட்டார். வேண்டாம் என்றேன். வெட்டி வைத்தவற்றில் எத்தனை காய்ந்திருக்கிறது என்று கேட்டார். இருபத்திமூன்று என்றேன். நல்லது என்றார். நான் போனை வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை. அவர் கடையில் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கஸ்டமர் வந்துவிட்டார்.

மார்ச் 2, ஞாயிறு

அடீனியம் தளிர்த்துவிட்டது. வெயில் ஏறிவிட்டதால் எல்லாவற்றுக்கும் ஒரு தடவை ஊற்றினேன், குச்சி விட்டுப் பார்த்துத்தான்.

வக்கீலம்மா போன் செய்தார். "பத்தாந்தேதி மறந்துராதீங்க. ஜட்ஜ் கேட்டா சம்மதம்னு ஒரு வார்த்த. அதுக்கு மேல எதும் பேச வேண்டாமுங்க."

ஒரு வார்த்தைதானே. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். சத்தம் சரியாக வந்தது.

மார்ச் 10, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். நீதிபதி ஒரு அம்மா. வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டே, நிமிராமல், "குழந்தைங்க?" என்று கேட்டார். எல்லோரையும் கேட்பதுதான். எங்களுக்கு முன்னால் போனவர்களையும் கேட்டார்.

"இல்லைங்கம்மா. மனுவுலயே போட்டிருக்குதுங்க" என்றார் வக்கீலம்மா.

"இருந்துச்சுங்க" என்றார் திருமூர்த்தி.

நீதிபதி நிமிர்ந்தார். வக்கீலம்மா திருமூர்த்தியின் சட்டைக் கையைத் தொட்டார். அவர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

"ஒம்பது நாள் இருந்துச்சுங்க. இல்லைன்னு எழுதியிருக்கறது தப்புங்க. நானும் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். அத மட்டும் மாத்தோணுமுங்க."

"பையனா, பொண்ணா?"

"பொண்ணுங்க."

இருபது மாதத்தில் அவர் வாயிலிருந்து பாப்பாவைப் பற்றி ஒரு சொல் நான் கேட்டதில்லை. அவர் மறந்துவிட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை மறக்கவிடுவதற்காக இவர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார் என்பது அங்கே, நாற்பது பேர் முன்னால் நின்றுகொண்டுதான் எனக்குப் புரிந்தது. நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

நீதிபதி என்னைப் பார்த்துக் கேட்டார். "உங்களுக்கு இதுல முழுச் சம்மதமாம்மா?"

அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

"இன்னைக்குச் சொல்ல முடியாதுங்க" என்றேன்.

ஏப்ரல் 7 என்று தேதி போட்டார். வக்கீலம்மாவுக்கு எங்கள் மேல் எரிச்சல். வெளியே வந்து அவர் போகும்வரை நாங்கள் இரண்டு பேரும் வேப்பமரத்தடியில், தப்பு செய்த பிள்ளைகள் மாதிரி நின்றுகொண்டிருந்தோம்.

"அந்த எடத்துக்கு என்னையக் கூட்டீட்டுப் போங்க" என்றேன்.

"இப்பவா?"

"இப்பத்தான்."

அங்கே பெண்கள் வரக் கூடாது என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். முக்கால் மணி நேரம். பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போனேன்.

குளத்தங்கரைக்குக் கீழே, கருவேலம் முளைத்த ஒரு மேடு. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஓரத்தில் செங்கல்லை வட்டமாகப் பதித்து, அதன் நடுவே ஒரு கோல்டன் பேரல் கள்ளி இருந்தது. மஞ்சள் முள்ளோடு, தேங்காய் அளவில்.

"மொதல்ல செம்பருத்தி வெச்சேன், ஆடு தின்னுருச்சு. அப்பறம் ரோஜா வெச்சேன், அதையுந் தின்னுருச்சு. இதத்தான் ஒண்ணுந் தொடறதில்ல" என்றார்.

நான் குனிந்து அடியை அமுக்கிப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. மண் உலர்ந்திருந்தது. இந்தக் கள்ளி பூக்க இருபது வருடமாவது ஆகும், ஆனால் நம்மைவிட அதிகக் காலம் இருக்கும். அதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாததா.

கல்லுக்கும் செடிக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை குத்தியிருந்தது. விதை போட்ட எல்லாத் தொட்டிகளிலும் நாங்கள் குத்துவதுதான். மேல் வரியில் பெயர், கீழ் வரியில் விதைத்த தேதி. பேனாவில் எழுதினால் வெயிலில் போய்விடும், பென்சிலில்தான் எழுதுவது. கீழ் வரியில் 5.7.2023 என்று அவர் கையெழுத்து. மேல் வரி காலியாக இருந்தது.

"பேரு எழுதலீங்களா?"

"உன்னையக் கேக்காம எப்படி எழுதறது?"

"கேட்டிருக்கலாமல்ல."

"எப்படிக் கேக்கறதுன்னு தெரியல கோகிலா."

ஐந்தாம் மாதத்தில் ஒரு பெயரை நினைத்து வைத்திருந்தேன். பிறந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். பிறந்த பிறகு சொல்வதற்கு நேரமே இருக்கவில்லை, அப்புறம் சொல்வதற்கு அவசியமும் இல்லை என்று ஆகிவிட்டது. அவளுக்குக் கொடுத்த பிறப்பு, இறப்பு சர்ட்டிபிகேட் இரண்டிலும் கோகிலாவின் குழந்தை என்றுதான் இருக்கிறது.

பென்சில் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பட்டையைப் பிடுங்கித் துடைத்து, முழங்காலில் வைத்துக்கொண்டு எழுதினேன். எழுதி அவரிடம் நீட்டினேன்.

"அமுதினி" என்று வாசித்தார். இன்னொரு தடவையும் வாசித்தார். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சத்தமாக அழுதார். நானும் அழுதேன். ஆடு மேய்க்கிற பெரியவர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, ஆடுகளை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்.

திரும்பி வரும்போது சூலூரில் நிறுத்தி டீ குடித்தோம். வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு அவர் வண்டியை அணைக்கவில்லை. "சோறு இருக்குது" என்றேன். அணைத்தார்.

ஏப்ரல் 7, திங்கள்

பதினொன்றரை மணிக்கு எங்கள் இரண்டு பேர் பெயரையும் மூன்று தடவை கூப்பிட்டிருப்பார்கள். நாங்கள் போகவில்லை.